பழகிப்போன கை

இருசக்கர வண்டியின் குறைகளில் பல திடீரென வருவதில்லை. டிரம் பிரேக்கின் உள்ளே உராயும் கட்டைகள் தேயத் தேயப் பிடி நாள்தோறும் மயிரிழையளவு கூடுதலாக உள்வாங்கினாலும், அன்றாடம் ஓட்டுபவரின் கை தன்னையறியாமலே அதற்குப் பழகிவிடுவதால், வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவரே பெரும்பாலும் முதலில் அதை உணர்கிறார். புறப்படுமுன் வண்டியைச் சுற்றிவந்து பார்ப்பது, அந்த அயலாரின் கண்ணைச் சற்றே கடன் வாங்குவதாகும். ஓடிச் சூடேறிய டயரில் காற்றழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பதால் அதைக் குளிர்ந்த நிலையில்தான் அளக்க வேண்டும். உட்குழாய் இல்லாத டியூப்லெஸ் டயரோ, குத்திய ஆணியைக் காற்று எளிதில் கசியாதபடி கவ்விக்கொள்ளுமாதலால் (நல்ல குணந்தான், ஆயினும் ஏமாற்றும்), சக்கரத்தை மெல்ல உருட்டி முழுச் சுற்றும் பார்த்தாலன்றி அந்த ஆணி கண்ணில் படாது.