வண்ணத்துப்பூச்சியும் புழுவும்

கொல்லிமலையின் அடிவாரத்தை அடுத்த எருமப்பட்டிச் சமவெளியில், வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரமும் ஓர் எலுமிச்சைச் செடியும் இருந்தால் போதும். வண்ணத்துப்பூச்சிகள் தாமே தேடி வரும். கரிய இறகில் மஞ்சள் புள்ளிகள் கொண்ட ‘எலுமிச்சை அழகி’ அவற்றுள் ஒன்று. அது தளிரின்மீது கால் பதித்துச் சுவையறிந்து, உரிய இலையே எனத் தெளிந்தபின் முட்டையிடுகிறது. அக்காட்சியைக் கண்டு மகிழாதார் யார்?

ஆயினும், சில நாள்களில் அம்முட்டையினின்று வெளிவரும் புழுவைக் கண்டதும் நம் முகம் சுளிக்கிறது. முதலில் பறவையின் எச்சம் போலவும், வளர்ந்தபின் பச்சையாகவும் தோன்றும் அப்புழு தளிர்களைத் தின்கிறது. பிறர் மருந்து தெளிப்பர். கொலைக்கு அஞ்சும் நம் இல்லத்தாரோ, அதனைக் குச்சியால் எடுத்து வேலிக்கு அப்பால் இட்டு, ‘கொல்லவில்லை’ என்று மன அமைதி கொள்வர். இந்த அமைதி தகுமா?

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், கொல்லா விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தெனக் கூறும்: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். வேலியோரத்து எருக்கையோ கிளுவையையோ அப்புழு தின்னாது. எனவே அங்கே எறிவது உணவைத் தடுத்தலேயாகும். குழந்தைகள் வண்ணத்துப்பூச்சியைப் பிடித்துப் புட்டியில் அடைப்பதும் கட்டுதலின்பாற்படும்.

திரவியம் நிலைத்திருக்கப் பரியாயமே மாறும் என்பது நம் சமயக் கொள்கை. புழுவும் கூட்டுப்புழுவும் சிறகு விரித்த பூச்சியும் ஓருயிரின் பரியாயங்களே. ஒன்றை விரும்பி மற்றொன்றை அருவருப்பது விருப்பு வெறுப்பேயன்றி அருளாகாது. கண்ணுக்கு இனியதை மட்டும் காப்பது, நம் கண்ணின் இன்பத்தைக் காப்பதேயாகும்.

‘அப்படியாயின் இல்லறத்தார் கறிவேப்பிலையை இழப்பதோ?’ எனலாம். புழுப் பருவம் ஏறக்குறைய இரண்டு மூன்று வாரங்களே. வளர்ந்த மரம் மீண்டும் தளிர்க்கும். செடி மிக இளையதாயின், புழு இருக்கும் இலையோடு கொய்து, வளர்ந்த கறிவேப்பிலை மரத்திலோ எலுமிச்சையிலோ சேர்க்கலாம். சமையலுக்கு ஈர்க்குப் பறிக்குமுன் முட்டையும் புழுவும் உளவோ என ஒருமுறை நோக்குவதும் நம்மால் இயல்வதே.

திருச்சிராப்பள்ளியில் திருவரங்கத்தை அடுத்து 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், தேன் தரும் மலர்ச்செடிகளோடு, புழுக்கள் தின்பதற்கென்றே செடிகளையும் வளர்க்கின்றனர். புழுவுக்கு இலை இல்லையேல் பூச்சி இல்லை என்பதே காரணம். ஆய்வறிவு கண்ட இவ்வுண்மையை விரதமுடையோர் கொல்லையில் கடைப்பிடித்தல் அரிதன்று.

சிறகு முளைக்குமுன் காட்டும் அருளே அருள்.