கொடையும் கடனும்

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை ‘அன்னதானக் கந்தன்’ என்பர். மடங்களில் பசியோடு பந்தியில் அமர்பவர், சோறு யார் தந்ததென்று கேட்டு உண்பதில்லை.

2009இல் போர் முடிந்த பின்னர் தென்னிலங்கை வங்கிகளும் கம்பனிகளும் வடக்கே விரைந்து வந்தன. கூடவே புத்தகப்பையும் நீர்த்தாங்கியும், அவற்றைவிடப் பெரிய பதாகைகளும் வந்தன. இதற்குச் ‘சமூகப் பொறுப்பு’ என்று பெயர்.

எது இவர்களைக் கொடுக்கச் செய்கிறது? நிய்யத்தை வைத்தே செயலை எடைபோடப் பழகிய நமக்கு முதலில் எழுவது இக்கேள்விதான். ஆனால் கம்பனிக்கு உள்ளம் ஏது? இயக்குநர்களுக்கு உண்டு, அவர்கள் கொடுப்பதோ பங்குதாரரின் பணம். பிறர் பணத்தில் தர்மம் செய்யாதீர்கள், விதிகளுக்கு உட்பட்டு இலாபம் தேடுங்கள் என்று மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் எழுதியது இதனால்தான். இந்தியாவோ 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், பெரிய கம்பனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்றது. அங்கே நிய்யத்துக்கு வேலையே இல்லை, கணக்காளர் போதும்.

நம் நாட்டில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆகவே எதைக் கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பயனே தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். தொண்டைமானாற்று அணையைப் பாருங்கள். கடல்நீர் உட்புகாமல் தடுத்து, மழைநீரைத் தேக்கி, வடமராட்சி நீரேரியை நன்னீராக்கும் நோக்கில் அரசு கட்டியது அது. அதன் பலன், கிணறு உவர்க்காமல் இருப்பது. உவர்க்காத கிணற்றருகே நின்று எந்த முகாமையாளர் படம் பிடித்துக்கொள்வார்?

புத்தகப்பை வாங்கும் பிள்ளைக்குக் கொடுப்பவரின் உள்நோக்கம் ஒரு பொருட்டல்ல என்பதும் உண்மையே. அதைப் பறிக்க எனக்கு மனமில்லை. நிய்யத்தை அல்லாஹ்விடம் விட்டுவிடலாம். நாம் கேட்கக்கூடியது வேறொன்று. சதக்காவுக்கு முன்னால் கடனை அடைக்க வேண்டும், பிறருடைய ஹக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற ஒழுங்கு நமக்குண்டு. தனிமனிதனிடம் எதிர்பார்க்கும் இதைக் கம்பனியிடம் ஏன் கேட்பதில்லை?

தொண்டைமானாற்றுக்குத் தென்மேற்கே இருக்கிறது சுன்னாகம். அனல்மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு அங்கே கிணறுகளில் கலந்தது பற்றிய வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு நொதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. சுண்ணாம்புக்கல்லில் ஊறும் நிலத்தடி நீரையே பெரும்பாலும் நம்பி வாழும் குடாநாடு இது. அதில் எண்ணெய் கலந்த பின், வாசலில் வைக்கும் நீர்த்தாங்கியைக் கொடை என்பதா, கடனில் ஒரு தவணை என்பதா?