துரை எழுந்த நாற்காலி

அந்நிய அதிகாரி அமர்ந்திருந்த ஆசனத்திற் சுதேசி ஒருவன் அமரவேண்டும் என்ற கோரிக்கையை இன்று மறுப்பார் எவருமிலர். அடிமைப்பட்ட நாடுகள் பலவும் விடுதலையின் முதற்படியாக இதனையே கேட்டன. ஆயினும், மறுப்பில்லாத கோரிக்கைகளைத்தாம் நாம் அதிகமாக ஆராய வேண்டியிருக்கிறது. சுதேசி என்பவன் யார்? அவனை அளக்குங் கோல் எது? பிரித்தானியக் கடற்படை கடல்கடந்த நாடுகளில் அமைத்த கப்பல் திருத்துந் தளங்கள் இக்கேள்விக்கு நல்ல உரைகற்களாகும்.

சிங்கப்பூரின் வடகரையிலுள்ள செம்பவாங் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் பெயர் தாங்கிய அதன் பெரிய உலர்துறை 1938 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. அதிகாரிகளுக்குப் புல்வெளி சூழ்ந்த கறுப்பு வெள்ளைப் பங்களாக்கள். தொழிலாளருக்கு வரிசைக் குடியிருப்புகள். கப்பலின் அடியைச் சுரண்டியோர், வர்ணம் பூசியோர், இரும்புத் தகடு பொருத்தியோர், பண்டகசாலையிற் கணக்கெழுதிய லிகிதர்கள் ஆகியோர் சீனர், மலாயர், இந்தியர். இந்தியருள் மலையாளிகள் பெருந்தொகையினர், தமிழரும் பலர். உயர்ந்த பொறியியலாளரும் நிர்வாகிகளும் இங்கிலாந்திலிருந்து வந்தனர்.

தகுதி வளரட்டும், பிறகு பார்ப்போம் என்பது ஏகாதிபத்தியத்தின் பழைய வாதம். பொறுப்பைக் கொடாமலே பொறுப்பேற்கும் ஆற்றலைக் காட்டு என்பதில் என்ன நியாயம்? ஒருநாளேனுங் கரும்பலகைக்கு அழைக்கப்படாத மாணவனுக்குக் கணக்கு வராது என்று தீர்ப்புச் சொல்வது ஆசிரியனுடைய குற்றமே என்பதை எம்மைப் போன்றோர் நன்கறிவோம். சிங்கப்பூர் அரசாங்க சேவையை உள்ளூராரிடம் ஒப்படைப்பது பற்றி மலாயாமயமாக்கல் ஆணைக்குழு 1956இல் அறிக்கை தந்தது. தளமோ லண்டனுக்குரியது. அந்த ஆணைக்குழுவின் அதிகாரம் தளத்தின் மதிலுக்கு வெளியேதான்.

1968 ஜனவரியிற் பிரதமர் வில்சன், 1971 முடிவுக்குள் படைகள் வெளியேறும் என அறிவித்தார். அவ்வாண்டு டிசெம்பரில், கப்பல் திருத்துந் தளம் பெயரளவில் ஒரு டொலர் விலைக்குச் சிங்கப்பூர் அரசின் கைக்கு மாறியது. ஆனால் அதன் நிர்வாகத்தை ஸ்வான் ஹண்டர் என்ற ஆங்கிலக் கம்பனியே 1978 வரை நடத்திற்று. இதனைச் சிலர் அவமானம் என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. போர்க்கப்பல் திருத்திய தளத்தை வணிகக் கப்பல்களுக்கென மாற்றி, ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரியச் செய்வது, கொடியேற்றுவதைப்போல ஒரு காலைப்பொழுதில் முடியுங் காரியமன்று. கற்பித்துவிட்டு விலகவேண்டும் என்ற தவணை இருக்குமானால் அந்நியனிடங் கற்பதில் இழிவில்லை.

நெஞ்சை உறுத்துவது வேறொன்று. 1965இற் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. பிரசையல்லாதார் வேலைசெய்ய அனுமதிப் பத்திரம் பெறவேண்டும் என்ற சட்டமும் அவ்வாண்டே வந்தது. தளத்தில் வாலிபத்தைச் செலவிட்ட இந்தியத் தொழிலாளர் பலர் பிரசைகளாகியிருக்கவில்லை. படைகள் வெளியேறிய காலத்தில் அவர்களுட் பலர் பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு தாய்நாட்டுக்குக் கப்பலேறினர். சில ஆண்டுத் தவணைக்கு வந்துபோன அதிகாரியும், உலர்துறையின் துருவை இருபதாண்டு சுவாசித்த தொழிலாளியும் 'அந்நியர்' என்ற ஒரே சொல்லுள் அடங்கினர்! சட்டப் புத்தகத்தில் இது சரியாக இருக்கலாம். உழைப்பைக் கோலாகக் கொண்டு அளந்தால் அத்தொழிலாளியைவிடச் சுதேசி யார்? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களிற் செய்ததை அறிந்த நமக்கு அச்சொல்லின் கூர்மையை விளக்கவேண்டியதில்லை.

நமது திருகோணமலையிலோ கதை வேறு. 1957 ஒக்ரோபர் 15இற் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. மகிழவேண்டிய நாள்தான். ஆனால் துரைமார் எழுந்து போனதோடு பட்டறையின் ஓசையும் அடங்கிற்று. வேலையிழந்த ஏறக்குறைய 400 தமிழ்த் தொழிலாளரைப் பொலன்னறுவை மாவட்டத்திற் குடியேற்ற அரசாங்கம் எண்ணியது. அங்கே எதிர்ப்பு மூண்டது, கும்பல்கள் திரண்டன, 1958 மே மாதத்து வன்செயலுக்குக் காரணமான தீப்பொறிகளில் அதுவும் ஒன்று. அந்நியன் வெளியேறிச் சில மாதங்களே கழிந்திருந்தன; கீழ்க்கரையிற் கப்பல் திருத்தியவன், அடுத்த மாவட்டத்தின் எல்லையில் அந்நியனாக நிறுத்தப்பட்டான்.