மெய்யாகவே

வாழ்த்து பொய்யாக இருக்க முடியுமா? பொதுவாக முடியாது. ‘நல்லா இருங்க’ என்பது ஒரு விருப்பம். விருப்பத்தில் மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை. கிரேக்கர்களின் ‘ஹ்ரோன்யா பொல்லா’வும் அப்படித்தான். ‘பல ஆண்டுகள்’ என்று அர்த்தம். பிறந்தநாள், பெயர்நாள், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எதற்கும் பொருந்தும். யாரும் யாருக்கும் சொல்லலாம்.

ஆனால் ஈஸ்டருக்கென்றே அவர்களிடம் இன்னொன்று இருக்கிறது. சனிக்கிழமை நள்ளிரவு, கூட்டத்தில் மெழுகுவத்திகள் ஒன்றிலிருந்து ஒன்று பற்றிக்கொள்ளும் நேரத்தில் ‘கிறிஸ்தோஸ் அனெஸ்தி’ என்பார்கள். கிறிஸ்து எழுந்தார். எதிரே நிற்பவர் ‘அலிதோஸ் அனெஸ்தி’ என்பார். மெய்யாகவே எழுந்தார். விண்ணேற்றத் திருநாள் வரும்வரை, சுமார் 40 நாட்களுக்கு இது புழங்கும்.

கவனிச்சுப் பாருங்க, இது வாழ்த்தே இல்லை. முதல் பாதி செய்தி. மறுபாதி சாட்சியம். நம்பாதவன் அதற்கு என்ன பதில் சொல்வது?

நான் ஏதென்ஸில் இருந்த ஆண்டுகளில் கூட வேலை செய்த நண்பர் ஒருவர், கடவுளும் வேண்டாம் சர்ச்சும் வேண்டாம் என்பவர். ஈஸ்டர் விருந்தில் சிவப்பு முட்டையை அடுத்தவர் முட்டையோடு மோதி உடைக்கும்போது எல்லோரையும்விடச் சத்தமாக ‘அலிதோஸ் அனெஸ்தி’ என்பார். “பொய் சொல்றியே?” என்று கேட்டேன். “யாரை ஏமாத்தினேன்?” என்றார்.

நல்ல பதில்தான். பொய்யைப் பற்றி எழுதிய புனித அகஸ்தீனும் ஏமாற்றும் எண்ணத்தைத்தான் முக்கியமாகப் பார்த்தார். மொழியும் நண்பர் பக்கம்தான். ‘அனெஸ்தி’ பழைய கிரேக்க வடிவம். இன்றைய பேச்சில் அதே வினை ‘அனாஸ்திதிகே’ என்றுதான் வரும். வாழ்த்துக்குள் மட்டும் பழையது உறைந்து நிற்கிறது. ஊரைவிட்டே போகிறவரும் ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்கிறார். நாம் அதைப் பொய்க்கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்படியானால் எல்லாமே வெறும் வாய்வார்த்தைதானா? 2015 ஜனவரியில் கிரேக்கப் பிரதமரான அலெக்ஸிஸ் சிப்ராஸ், மதமுறைப்படி பதவிப் பிரமாணம் எடுக்க மறுத்தார். அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் பிரதமர் அவர். பிரமாணமும் சடங்கு வாக்கியம்தான். ஆனால் கேட்பவர் அதை நம் வாக்காக எடுத்துக்கொள்கிற இடம் அது. அங்கே ‘சும்மா சடங்குக்குச் சொன்னேன்’ என்று தப்பிக்க முடியாது.

மாடிப்படியிலும் அப்படியோர் இடம் வாய்க்கலாம். எங்கள் வீட்டுக்கார அம்மாள் அந்தக் குளிர்காலத்தில்தான் கணவரை இழந்திருந்தார். ஈஸ்டர் காலையில் என்னை நிறுத்தி, கையில் ஒரு சிவப்பு முட்டையை வைத்து, ‘கிறிஸ்தோஸ் அனெஸ்தி’ என்றார். ஒருவர் எழுந்தார் என்றால் தன் மனிதரும் எழுவார் என்பது அவருக்கு அதன் பொருள். என்னிடம் கேட்டது ஒரு சாட்சிக் கையெழுத்து. ‘ஹ்ரோன்யா பொல்லா’ என்றேன். ஒரு கணம் காத்திருந்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் படியேறினார்.

“சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிடும்?” என்றார் நண்பர். எனக்கு ஒன்றுமே குறையாது. சிக்கலே அதுதான். எனக்குக் காசு செலவில்லாத ஒரு சொல்லை, அவர் தன்னிடம் மிச்சமிருக்கிற அத்தனையையும் கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பார்.

ஆகவே என் கணக்கு தலைகீழானது. பழக்கத்தில் சொல்கிற ரொட்டிக் கடைக்காரருக்குக் கூசாமல் ‘அலிதோஸ்’ சொல்வேன். உயிரைக் கொடுத்து நம்புகிறவருக்குச் சொல்ல மாட்டேன். ஒரு சொல் அடுத்தவருக்கு எவ்வளவு பெரியதோ, அதை இரவல் எடுக்கும் உரிமை எனக்கு அவ்வளவு குறைவு.

இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. நேர்மை என்னுடையது, அதற்கு விலை கொடுத்தவர் அவர். பண்டிகை நாளில் பாதியில் நின்ற வாக்கியத்தோடு தனியாகப் படியேறியது நான் இல்லையே.