யார் பெயரால் எதிர்க்கிறது நகரம்?

கலிஃபோர்னியா சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டாயிரம் மசோதாக்கள் தாக்கலாகின்றன. அவற்றில் எது தன் மக்களைத் தொடும் என்று அங்குள்ள 480-க்கும் மேற்பட்ட நகரங்கள் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. பெரிய நகரங்களில் இதற்கென்றே அலுவலர்கள் இருக்கிறார்கள். தலைநகர் சாக்ரமெண்டோவில் சம்பளத்துக்கு அமர்த்திய பிரதிநிதிகளும் உண்டு. ஆதரவு, எதிர்ப்பு, திருத்தாவிட்டால் எதிர்ப்பு, கவனத்தில் வைப்பது என்று மசோதாக்களைத் தரம் பிரிக்கிறார்கள். முக்கியமானவை குறித்து நகரத்தின் பெயரால் சட்டமன்றக் குழுவுக்குக் கடிதம் போகிறது.

கண்காணிப்பது கடமை, அதில் ஐயமில்லை. மாநிலம் சுமத்தும் புதிய பொறுப்புகளின் செலவை மாநிலமே ஈடுசெய்ய வேண்டும் என்று 1979-இல் வாக்காளர்கள் அரசியலமைப்பில் எழுதிவைத்தார்கள். ஆனால் நகரம் கட்டணம் வசூலித்துக்கொள்ளலாம் என்று மசோதாவில் ஒரு வரி சேர்த்துவிட்டால் மாநிலம் கைகழுவிவிடலாம். மட்கும் குப்பையைப் பிரித்துச் சேகரிக்கச் சொன்ன 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் செலவு குப்பைக் கட்டணத்தில் ஏறியது இப்படித்தான். அந்த வரியைப் படித்து முன்கூட்டியே சொல்ல ஆளில்லாத ஊரில், பில் கைக்கு வரும்போதுதான் குடும்பங்களுக்கு விஷயமே தெரியும்.

அறக்கேள்வி எழுவது அடுத்த படியில். படித்துச் சொல்வது ஒன்று; ஊர் முழுவதன் பெயரையும் பணத்தையும் கொண்டு ஒரு பக்கம் நிற்பது வேறொன்று. தேர்தலில் வாக்குக்கு விடப்படும் ஒரு தீர்மானத்தை ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்ய அரசு பொதுப்பணத்தைச் செலவிடக் கூடாது என்று 1976-இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டமன்றத்தில் பக்கம் நின்று வாதிட மட்டும் நகரங்களுக்குச் சட்டமே இடம் தருகிறது. அந்த அனுமதியை அளவிடத்தான் ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது.

இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒரே வீடு மட்டும் கட்டலாம் என்றிருந்த மனையில் கூடுதல் வீடுகளுக்கு வழிவிடும் சட்டத்தைக் கலிஃபோர்னியா 2021-இல் இயற்றியது. பல நகரங்கள் உள்ளாட்சி உரிமையின் பெயரால் அதை எதிர்த்தன. சட்டம் நடைமுறைக்கு வந்ததும், சிலிக்கன் பள்ளத்தாக்கை ஒட்டிய செல்வச் சிற்றூரான உட்சைடு, ஊர் முழுவதுமே மலைச் சிங்கத்தின் வாழிடம், ஆகவே இந்தச் சட்டம் தனக்குப் பொருந்தாது என்று அறிவித்தது. ஏற்கெனவே பெரிய வீடுகள் நின்ற மனைகளில் இன்னொரு சிறு வீடு வந்தால்தான் விலங்குக்கு ஆபத்தாம்! மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராப் போன்டா கடிதம் எழுதிய பிறகே 2022 பிப்ரவரியில் அது பின்வாங்கியது.

டெக்சஸில் நடந்தது இதற்கு நேர்மாறானது. கட்டடத் தொழிலாளர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு கட்டாயம் என்று ஆஸ்டின் நகரம் 2010-இலும் டல்லாஸ் 2015-இலும் விதி செய்திருந்தன. கொளுத்தும் வெயிலில் தண்ணீர் குடித்து நிழலில் ஒதுங்கும் நேரம் அது. தொழிலாளர் துறை உட்படப் பல துறைகளில் மாநிலச் சட்டத்தை மீறி நகரங்கள் விதி செய்யக் கூடாது என்று 2023-இல் டெக்சஸ் சட்டம் இயற்றியது. அந்தப் பத்து நிமிடத்துக்கும் ஆபத்து வந்தது. ஹூஸ்டன் வழக்குத் தொடுக்க, சான் அன்டோனியோவும் எல் பாசோவும் சேர்ந்துகொண்டன.

இரண்டு இடத்திலும் எழுந்தது உள்ளாட்சி உரிமை என்ற ஒரே முழக்கம்தான். ஆகவே அந்த முழக்கம் தன்னளவில் நியாயமும் அல்ல, அநியாயமும் அல்ல. நகரத்தின் எதிர்ப்பு வென்றால் சுமை யார் தலையில் இறங்கும் என்பதே கேள்வி. டெக்சஸ் நகரங்கள் வென்றால் கட்டடத் தொழிலாளி நிழலில் பத்து நிமிடம் நிற்பார். உட்சைடு வென்றிருந்தால், அங்கே வீடு தேட வழியில்லாத ஆசிரியரும் செவிலியரும் தொலைவிலிருந்து வந்துபோக வேண்டியதுதான். அவர்களுக்கு அந்த ஊரில் வாக்கு இல்லை.

வாக்கு உள்ளவர்களின் குரலும் சமமாகக் கேட்பதில்லை. மாசசூசெட்ஸில் நகரக் கூட்டப் பதிவுகளை ஆராய்ந்த அரசியல் அறிஞர்கள், எழுந்து பேசுகிறவர்களில் சொந்த வீடுள்ளவர்களும் வயதில் மூத்தவர்களுமே அதிகம் என்று கண்டார்கள். ரயில், பேருந்து நிலையங்களின் அருகே அடுக்குமாடி வீடுகளை அனுமதிக்கும் மசோதாவை எதிர்க்க லாஸ் ஏஞ்சல்ஸ் மாமன்றம் 2025 ஆகஸ்டில் முடிவெடுத்தது. வாக்குகள் 8-க்கு 5. வாடகைக்குக் குடியிருப்போரே பெரும்பான்மையாக உள்ள நகரம் அது. நகரம் எதிர்க்கிறது என்று சாக்ரமெண்டோவில் சொல்லும்போது அந்த ஐந்து வாக்குகளும் அவற்றின் பின்னால் நிற்கும் மக்களும் காணாமல் போய்விடுகிறார்கள்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் பொதுக்கூட்டம் கூட்ட நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் ஒரு மசோதாவின் உள்ளடக்கத்தை அப்படியே மாற்றிவிடுவது கலிஃபோர்னியாவில் வழக்கம். இறுதி வடிவம் 72 மணி நேரம் பொதுப்பார்வையில் இருக்க வேண்டும் என்ற விதியே 2016-இல் வாக்காளர்கள் வாக்களித்துப் பெற்றது. அதனால்தான் மாமன்றங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கொள்கை ஆவணத்தை நிறைவேற்றி, அதற்குட்பட்டு அலுவலர்களே கடிதம் அனுப்ப அனுமதிக்கின்றன. வழக்கமான மசோதாக்களுக்கு இது போதும். ஒரு சாரார் சுமையை இன்னொரு சாராருக்கு மாற்றும் மசோதாவுக்கு இது போதாது. கொள்கை ஆவணத்தில் உள்ளாட்சி உரிமை காப்போம் என்று எழுதிய ஒரே வரி, விவாதமே இல்லாமல் ஏழையின் வீட்டுக்கு எதிரான கடிதமாக மாறிவிடக் கூடாது.

வீடு, கூலி, வாடகை, தண்ணீர் ஆகியவற்றைத் தொடும் மசோதா என்றால் வாக்கெடுப்பு திறந்த கூட்டத்தில் நடக்கட்டும். கடிதத்தில் வாக்கு விவரமும் மாற்றுக் கருத்தும் இடம்பெறட்டும். நகரத்தின் நிலை வென்றால் யாருக்கு இழப்பு என்பதை அந்தக் கடிதமே ஒரு பத்தியில் ஒப்புக்கொள்ளட்டும். அந்தப் பத்தியை எழுதக் கூசும் நகரத்துக்கு, எல்லோர் பெயராலும் பேசும் தகுதி இல்லை.