தவறணை யாருக்குச் சொந்தம்?

கள்ளைக் குடிப்பவனுடைய இழிவைப் பற்றி நம் நீதிநூல்கள் பேசியிருக்கும் அளவுக்கு, அந்தக் கள் விற்கப்படும் தவறணைக் கொட்டிலின் நிலத்துக்கும் அது வடியும் பனைக்கும் தன் பெயரில் உறுதி எழுதி வைத்திருப்பவனைப் பற்றி அவை பேசவில்லை. திருக்குறளில் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரம் பத்துக் குறளாலும் குடிப்பவனையே நோக்கி நிற்கின்றது. பெற்ற தாய் முகத்தில் தோன்றும் வெறுப்பையும், ஊரார் மறைவில் நகைப்பதையும், பொருளைக் கொடுத்து அறியாமையை வாங்கும் பேதைமையையும் எடுத்துக்காட்டிய வள்ளுவர், விற்பவனை அவ்வதிகாரத்தினுள் அழைக்கவேயில்லை. அவரே புலால் மறுத்தலில், உண்பார் இல்லையாயின் விலைக்கு ஊன் தருவாரும் உலகில் இரார் என்று விற்பவனையும் வாங்குபவனையும் சேர்த்தே விசாரித்திருக்கின்றார். மநு ஸ்மிருதியோ ஊன் விஷயத்தில் இன்னும் கண்டிப்பானது: கொல்ல இசைந்தவன், கொன்றவன், துண்டித்தவன், வாங்கியவன், விற்றவன், சமைத்தவன், பரிமாறியவன், தின்றவன் ஆகிய எல்லோரையும் கொலையாளிகளின் வரிசையிலேயே நிறுத்துகின்றது. பௌத்தரின் அங்குத்தர நிகாயம், இல்லறத்தில் நிற்கும் உபாசகன் செய்யத்தகாத வாணிகங்கள் என ஆயுதம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு என்னும் ஐந்தையும் எண்ணி, மதுவைப் பொறுத்தவரை விற்பவனையே நேராகச் சுட்டுகின்றது. ஆயினும் இவற்றுள் ஒன்றேனும், குடியாமலும் விற்காமலும், விற்கும் இடத்தைச் சொந்தமாக வைத்து வாடகை மட்டும் பெறுபவனுடைய வினைக்கணக்கு எவ்வாறு எழுதப்படும் என்று விரித்துச் சொல்லவில்லை.

இந்த விசாரம் ஏட்டோடு நிற்பதன்று. யாழ்ப்பாணத்துப் புத்தூரிலும் அதன் அயற்கிராமங்களிலும் இருந்து புலம்பெயர்ந்து பிரித்தானியாவில் வாழும் நம்மவர் பலர் மதுவும் விற்கும் சில்லறைக் கடைகளால் சீவனம் நடத்துகின்றனர். சற்றே முதல் சேர்ந்தபின், அந்நாட்டில் ‘பப்’ எனப்படும் மதுவிடுதி ஒன்றை நிலத்தோடும் கட்டிடத்தோடும் அறுதியாக வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் உளர். அவ்வாறு வாங்குவதில் தோஷமுண்டா, அதில் வரும் இலாபத்தை ஊர்க் கோயிற் திருப்பணிக்கு அனுப்பலாமா என்ற கேள்வி, சிரத்தையுள்ள சைவனுக்கு எழாமற் போகாது. எழுவது நன்று, எழாதவனைப் பற்றியே கவலைப்பட வேண்டும்.

முதலில் அந்த வியாபாரத்தின் அமைப்பை விளங்கிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் விடுதிகளிற் பெரும்பகுதி ஒருகாலத்தில் பியர் வடிக்கும் பெருநிறுவனங்களுக்கே சொந்தமாயிருந்தது. உள்ளே நின்று விற்பவன் குத்தகைக்காரன். நில உடைமையாளன் சொன்ன பியரையே, அவன் சொன்ன விலைக்கே குத்தகைக்காரன் வாங்கவேண்டும். 1989இல் அரசாங்கம் பிறப்பித்த ஆணைகளால், 2,000 விடுதிகளுக்கு மேல் வைத்திருந்த நிறுவனங்கள் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்த நேர்ந்தது. அதன் விளைவாக ஆயிரக்கணக்கான விடுதிகள், மது வடிக்காமல் வாடகையையும் விநியோகத்தையுமே தொழிலாகக் கொண்ட கம்பனிகளின் கைக்கு மாறின. எசமான் மாறினானேயன்றிக் குத்தகைக்காரனுடைய கட்டு அவிழவில்லை. 2016இல் வந்த சட்டவிதிகள் அவனுக்கு ஓரளவு நிவாரணம் அளித்தன. இதற்கிடையில், 2007இல் வந்த புகைத்தடை, பெருங்கடைகளில் மலிந்துவிட்ட பியர், கொள்ளைநோய்க் காலத்து அடைப்பு, அதன்பின் ஏறிய மின்கட்டணம் ஆகியன ஒன்றன்மேலொன்றாக வந்து தாக்க, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 60,000 ஆக இருந்த பிரித்தானிய விடுதிகள் இன்று 45,000 அளவுக்குக் குறைந்துவிட்டன. குத்தகைக்காரன் தாங்கமாட்டாமல் விட்டுப்போன கட்டிடங்கள் விலைக்கு வருகின்றன. வாங்குபவர்களுட் சிலர் விடுதி நடத்தவே வாங்குகின்றனர். வேறு சிலர், விடுதியைக் காட்டிலும் அது நிற்கும் நிலம் பெறுமதி மிக்கது என்று கண்டு, குடியிருப்பாக மாற்றும் நோக்கத்தோடு வாங்குகின்றனர்.

இவ்விடத்தில் ஒருவர், இது வெறும் காணி வாங்கும் காரியந்தானே, இதில் பாவபுண்ணியம் எங்கே வந்தது என்று கேட்கலாம். அந்தச் சமாதானம் இலங்கைக்குப் புதியதன்று. பிரித்தானியர் ஆண்ட காலத்தில், ஒவ்வொரு பகுதியிலும் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டு, மிகுதியாகக் கேட்டவனுக்குக் குத்தகையாகக் கொடுத்தது. கீழ்க்குத்தகைக்காரரும் தவறணைக்காரரும் அவனுக்குக் கீழே நின்று விற்றனர். குடிசனங்களின் கையிலிருந்து சதமாக வந்த காசு மேலே ஏற ஏறத் திரண்டு, ஒரு பங்கு திறைசேரிக்கும் ஒரு பங்கு குத்தகைக்காரருக்கும் போயிற்று; தென்னிலங்கையின் புதிய செல்வக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் மூலதனம் அதுவே என்பதைச் சரித்திர ஆசிரியர் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். மொரட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் த சொய்சாவின் செல்வம் சாராயக் குத்தகையிலும் கோப்பித் தோட்டங்களிலும் வளர்ந்தது; அவருடைய மகன் சார்ள்ஸ் ஹென்றி த சொய்சா 1879இல் கொழும்பில் அமைத்துக்கொடுத்த மகப்பேற்று மருத்துவமனை இன்றும் ஏழைத் தாய்மாருக்குப் பயன்படுகின்றது. அந்த மருத்துவமனை நற்காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே ஒரு தாய் நலமாகப் பிரசவித்தமையால், முன்னொரு காலத்தில் தவறணை வாயிலில் கணவனை இழந்த இன்னொரு தாயின் கண்ணீர் கணக்கிலிருந்து நீங்கிவிடும் என்று நான் நம்பவில்லை. நல்வினையும் தீவினையும் ஒன்றையொன்று தின்று தீர்வன அல்ல. இரண்டும் தனித்தனியே அநுபவித்துத் தீர்க்கப்படுவன என்பதே சைவசித்தாந்தம் நமக்குக் கற்பித்த இருவினைக் கொள்கை.

இனி நம் ஊருக்கு வருவோம். புத்தூரின் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைந்தன. தோட்டங்களின் எல்லையிலும் அப்பால் விரிந்த வெளிகளிலும் பனைகள் நின்றன. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய காலத்தில் அதனால் வந்த பணம் வீடுகளையும் கோயில்களையும் எழுப்பிற்று. புகையிலையும் உடலைக் கெடுப்பதே, ஆயினும் புகையிலைத் தோட்டக்காரனை எவரும் பாவியென்று ஒதுக்கியதில்லை. பனையின் கதை வேறு. நாவலர் பெருமான் தம் சைவ வினாவிடையில் கொலை, களவு முதலியவற்றோடு கட்குடியையும் பாவமாக எண்ணினார். பாவமென்று அவர் சொன்னது குடியை. ஆனால் நம் சமூகம் அந்தத் தோஷத்தைக் குடித்தவன்மேலும் முழுதாக ஏற்றவில்லை, பனங்காணிக்காரன்மேல் ஏற்ற நினைக்கவுமில்லை. உயிரைப் பணயம் வைத்து மரமேறிய சீவல் தொழிலாளியின்மேலும் அவன் பிள்ளைகள்மேலும் ஏற்றிவிட்டது. பனையை அவனுக்குக் குத்தகைக்கு விட்டுப் பங்கு வாங்கிய வீட்டின் படலைக்கு உள்ளே அவனால் வர இயலாதிருந்தது; அவ்வீட்டார் கும்பிட்ட கோயிலுக்குள்ளும் இயலாதிருந்தது. மாவிட்டபுரத்தில் 1968இல் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் வாசலில் நின்று அடிபட்டபோது, சைவர் பூசிக்கும் நாயன்மார் வரிசையில் ஏனாதிநாதரும் இருந்தார். அவரை, பனையேறும் மரபினர் எனக் கருதப்படும் சான்றார் குலத்தவரென்று பாடியவர் சேக்கிழார். அறுபத்துமூவருள் ஒருவராக வைத்துப் பூசிக்கப்படும் அடியாருடைய குலத்தவரை வெளியே நிறுத்திய சைவம் எவ்வாறு சைவமாகும் என்று நான் பலமுறை வருந்தியிருக்கின்றேன்.

பனையைச் சீவும் தொழிலின் இயல்பையே கவனித்தாலும் பாரபட்சம் தெளிவாகும். தளைநாரைக் காலிலிட்டு ஏறி, பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, நாள்தோறும் காலையும் மாலையும் சீவி முட்டி கட்டினால் ஊறி இறங்குவது இனிய சாறு. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தால் அது கருப்பநீராகவே நின்று, காய்ச்சியபின் பனங்கட்டியாகிக் குட்டானில் அடைபடும். சுண்ணாம்பு இல்லையெனின் சில மணிநேரத்திலேயே தானாகப் புளித்துக் கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே மனிதனுடைய உழைப்பு. இடையில் நின்று வேற்றுமை செய்வது ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பைப் பூசுவதா விடுவதா என்று தீர்மானிப்பவன் யார்? ஏறுபவனே தீர்மானிக்கின்றான் என்று தோன்றும். உண்மையில் அவனுக்கு அத்தகைய சுதந்திரம் கிடைத்ததில்லை. கருப்பநீரைக் காய்ச்ச விறகு வேண்டும், வீட்டுப் பெண்கள் அடுப்படியில் நெடுநேரம் வேகவேண்டும், பனங்கட்டி விலைபோகக் காத்திருக்கவேண்டும். கள்ளோ இறக்கிய அன்றே காசாகும். பனைப் பருவமோ ஆண்டு முழுவதும் நீடிப்பதில்லை. குத்தகைப் பணத்துக்கும் அரசு வரிக்கும் தவணை உண்டு. 1970களின் தொடக்கம்வரை யாழ்ப்பாணத்தில் நிலவிய மரவரி முறையில், மரத்துக்கு மரம் அரசுக்கு வரி கட்டியே அவன் கள் இறக்கினான். 1972இல் சீவல் தொழிலாளருக்கெனக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றித் தவறணைகள் அச்சங்கங்களின் கைக்கு வந்தபோதுதான், மரமேறியவனே கொட்டிலின் உடைமையிலும் ஒரு பங்காளியானான். நம் நாட்டுக் கள் வியாபாரத்தின் வரலாற்றில் அறநோக்கில் மிக முக்கியமான சம்பவம் அதுவே என்பது என் துணிபு. ஏனெனில் அதுவரை பழி ஒருவனிடமும் பலன் வேறொருவனிடமுமாகப் பிரிந்து கிடந்தன.

பழியை உடைமையாளனே ஏற்றுக்கொண்ட உதாரணமும் தமிழுலகில் உண்டு. 1921இல் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியார், கள்ளிறக்க விடப்பட்டு வந்த தம் சேலத்துத் தோப்பிலிருந்த 500க்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் என்பர். கடவுளை மறுத்த ஒருவருடைய செயலைச் சைவக் கட்டுரையில் எடுத்தாளலாமோ என்று சிலர் ஆக்ஷேபிக்கக்கூடும். வெட்டியது விவேகமா, தேங்காய்க்கென விட்டிருக்கலாமே என்பதும் விவாதத்துக்குரியது. ஆனால் ‘ஏறுபவன் இறக்குகின்றான், குடிப்பவன் குடிக்கின்றான், எனக்கென்ன?’ என்னாமல், மரம் என்னுடையது, ஆதலால் காரியமும் என்னுடையது என்று அவர் கண்டாரே, அந்தக் காட்சி தர்மத்தின் காட்சி. இன்று அதே தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடுக்கப்பட்டிருக்க, 2003 முதல் மதுபானச் சில்லறை விற்பனை முழுவதையும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகின்றது. அங்கே தவறணையின் உரிமையாளன் அரசு. அரசு என்றால் குடிமக்கள் எல்லோரும். எல்லோருக்கும் சொந்தமான பழி ஒருவர் மனத்தையும் உறுத்துவதில்லை.

ஆகவே என் தீர்மானம் இது. கதவைச் சாத்தும் அதிகாரம் எவனிடம் எவ்வளவு இருக்கின்றதோ, வினையில் அவனுக்கு அவ்வளவு பாத்தியதை. கூலிக்கு ஊற்றிக் கொடுப்பவனிடம் அவ்வதிகாரம் இல்லை. கம்பனியின் கட்டுக்குள் நிற்கும் குத்தகைக்காரனிடம் சிறிதே உண்டு. மரமேறுபவனிடமிருந்து பசி அதைப் பறித்துக்கொண்டது. அறுதியாக வாங்கியவனிடமோ அது முழுமையாக இருக்கின்றது. தள்ளாடி வந்தவனுக்கு இன்னொரு குவளை கொடாதே என்று சொல்லவும், சம்பள நாளில் நேரத்தோடு கடையை மூடவும், பியரை விட உணவுக்கே முதன்மை கொடுக்கவும், வேண்டுமாயின் அக்கட்டிடத்தையே வேறு காரியத்துக்கு மாற்றவும் அவனால் இயலும். அவனைத் தடுக்க மேலே எசமான் இல்லை. வாங்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலக் கிராமங்களில் தனித்துப்போன முதியோர் நாலுபேர் முகம் பார்க்கும் இடம் அந்த விடுதியே என்பதையும், அது மூடப்பட்டால் அவர்களுக்குப் போக்கிடம் இல்லை என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சொந்தமாக வாங்குபவன், குத்தகைக்காரன் சொல்லக்கூடிய ‘நான் என் செய்வேன்’ என்ற சொல்லை இழந்துவிடுகின்றான். உறுதியில் ஒப்பமிடும்போது நிலத்தோடு வினையின் பாத்தியதையையும் சேர்த்தே வாங்குகின்றான்.

கோயிலுக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு என் விடை கடுமையானதாகத் தோன்றலாம். வருந்தி, விடுதியை ஒழுங்காக நடத்தி, எஞ்சியதைப் பெயரின்றி அனுப்புபவனுடைய காணிக்கையை நம் ஊர்க் கோயில் அம்பாள் ஏற்பாள் என்றே நினைக்கின்றேன். மதிற்சுவரில் பெயர் பொறிப்பதற்காக அனுப்பப்படும் பணத்தைத் தர்மகர்த்தாக்கள் வாங்குமுன் அதன் பிறப்பை விசாரிப்பது அவர்கள் கடமை. அந்த விசாரணையை மதுப்பணத்தோடு நிறுத்தாமல், வட்டிப்பணத்துக்கும் கூலியைக் குறைத்துக் கொடுத்துச் சேர்த்த பணத்துக்கும் நீட்டுவார்களாயின் மட்டுமே அது விசாரணை என்ற பெயருக்குத் தகும்.

வெளிநாட்டிலிருப்பவனுக்கு உபதேசம் செய்யுமுன், ஊரிலேயே பனங்காணி வைத்திருக்கும் நாம் நம் குத்தகைப் பேச்சைத் திருத்திக்கொள்ளலாம். வருகிற பருவத்துக்கு மரங்களைச் சீவலுக்கு விடும்போது, சில மரங்களையேனும் கருப்பநீருக்கென ஒதுக்கி, அவற்றுக்குக் குத்தகை வாங்காமல், காய்ச்சுவதற்கான விறகையும் காணியிலேயே வெட்டிக்கொள்ள விட்டு, முதற் குட்டான் பனங்கட்டியைச் சந்தை விலைக்கு நாமே வாங்குவோமாயின், சுண்ணாம்பு பூசும் சுதந்திரம் முதன்முறையாக மரமேறுபவன் கைக்கு வரும். இதைக் கோயிற் சபையில் எடுத்துச் சொல்ல எண்ணியிருக்கின்றேன்.