நடக்காததற்கு ஏது பதினாறாம் நாள்?

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நானும் தங்கை மகனும் நடந்து போய்க்கொண்டிருந்தோம். அவன் ஒன்றாம் வகுப்பு. "பெரியம்மா, செருப்பு" என்று நின்றான். ரப்பர் செருப்பின் வார் துளையை விட்டுப் பிதுங்கி வந்திருந்தது. குனிந்து அதை அழுத்திச் செருகிக்கொண்டிருந்தபோது, டயர் வெடித்த குட்டியானை வண்டி ஒன்று நாலடி முன்னால் நடைபாதையில் ஏறி, சுவரில் மோதி நின்றது. தண்ணீர் கேன்கள் உருண்டோடின. யாருக்கும் காயமில்லை.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சும்மா" என்றார் பக்கத்துக் கடைக்காரர். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். எனக்குத்தான் போகவில்லை. கண்ணை மூடினால் வண்டி வருவதில்லை, அந்த வார்தான் வருகிறது. புதுச் செருப்பு ஒரு ஜோடி அலமாரியில் பெட்டியோடு இருந்தது. அன்று அதைப் போட்டுவிட்டிருந்தால் வார் பிதுங்கியிருக்காது, நாங்கள் நின்றிருக்க மாட்டோம். சரி, பிதுங்கியதால் பிழைத்தோம் என்று வாருக்கு நன்றி சொல்லப் பார்த்தால், மனம் அடுத்த கணக்கைப் போடுகிறது: அதே வார் நாலடி தள்ளிப் பிதுங்கியிருந்தால், நாங்கள் குனிந்திருக்கும் இடமே வண்டி ஏறிய இடம். தூங்கவிடாதது இந்த இரண்டாவது கணக்குதான்.

எப்போதோ படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1982இல் எழுதியது. இரண்டு பேர் ஒரே காரில் விமான நிலையம் போகிறார்கள். நெரிசலில் சிக்கி அரை மணி நேரம் தாமதம். ஒருவருடைய விமானம் குறித்த நேரத்துக்கே போய்விட்டது. மற்றவருடையது தாமதமாகி, ஐந்து நிமிடம் முன்புதான் கிளம்பியது. யாருக்கு மனம் அதிகம் கொதிக்கும்? ஐந்து நிமிடத்தில் தவறவிட்டவருக்கு என்றுதான் கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லாரும் சொன்னார்கள். இழப்பு இருவருக்கும் ஒன்றுதான். குரோம்பேட்டை, பல்லாவரம் நெரிசலைத் தாண்டி மீனம்பாக்கம் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு எதுவும் தவறிப்போகவில்லையே. பிள்ளை பத்திரமாக இருக்கிறான். தவறவிடாதவளுக்கும் அந்த நாலடி ஏன் இப்படி வலிக்க வேண்டும்?

இதே கணக்கைப் போடுகிறவர்கள் வேறும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்று நீர் வீடுகளுக்குள் புகுந்த முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு. 'அன்னைக்குச் சாயங்காலமே கிளம்பியிருந்தா' என்று இன்றும் பேசுவார்கள். ஆனால் ஒருவர் தொடங்க மற்றவர் முடிக்கிற பேச்சு அது. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டவும் முடியும். எனக்குக் காட்ட ஒன்றுமில்லை. நடந்த சாவுக்குப் பதினாறாம் நாள் உண்டு, திதி உண்டு, கூடி அழ ஆள் உண்டு. நடக்காத சாவுக்கு யார் காரியம் செய்வது?

சிறுவயதில் மாடு ஒன்று துரத்தி, ராத்திரியெல்லாம் அலறினேன். அந்தி மயங்கும் நேரத்தில் பாட்டி என்னைப் பள்ளிவாசல் வாசலுக்குக் கூட்டிப் போனாள். தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் ஓதி முகத்தில் ஊதினார்கள். அத்தர் வாசனை இன்னும் நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் உப்பு, மிளகாய், தெருமண் சுற்றி அடுப்பில் போட்டாள். "நெடியே வரலை பாரு, அவ்வளவு திருஷ்டி" என்றாள். அதன் பிறகு வீட்டில் யாரும் அந்த மாட்டைப் பற்றிப் பேசவில்லை. மிளகாயில் என்ன இருக்கிறதோ, பெரியவர்கள் சேர்ந்து 'முடிந்தது' என்று தீர்ப்புச் சொன்னதுதான் எனக்கு வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

தங்கை தன் மகனுக்குச் சுற்றிப்போட்டாள். அவன் அன்றே தூங்கிவிட்டான். ஐம்பதை நெருங்குகிறவளை யார் உட்காரவைத்துச் சுற்றிப்போடுவார்கள்? கேட்டிருந்தால் தங்கை மறுத்திருக்க மாட்டாள். கேட்கத் தோன்றவில்லை, அல்லது கேட்க விருப்பமில்லை. இந்தப் பயத்தை விட்டுவிடத்தான் வேண்டுமா என்பதிலேயே எனக்குத் தெளிவில்லை. சாலையோரம் நடக்கும்போது அவனை உள்பக்கம் தள்ளி, கையை இறுக்கிப் பிடிக்கிறேன். பயம் போய்விட்டால் அந்தப் பிடியும் தளர்ந்துவிடுமோ என்னவோ. இறுக்கிப் பிடித்திருந்தாலும் அந்த வண்டி வந்திருக்கும் என்பதும் தெரிகிறது.